வெயிலில் காயும் நாற்காலிக்கு அழகு எதற்கு?

கேள்வி, ஜூன் 2

தோட்டம், பால்கனி, மாடி என்று வெளியே போடுவதற்காகவே விற்கும் ஸ்டைலான சாமான் எல்லாம் படம் எடுக்கத்தான் லாயக்கு. ஒரு கோடை, ஒரு மழைக்காலம், அதோடு கதை முடிந்தது. பின்னல் பிரிந்து தொங்கும், குஷன் நாறும், கம்பி துருப்பிடிக்கும். ஒரே வார்ப்பில் வரும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை மிஞ்சியது இன்னும் வரவில்லை. மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும்.

ஜூன் 2, மாலை

பாதி சரி, பாதிக்குச் சண்டை. சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்டைலே இல்லாதது என்று நீங்கள் தூக்கிப் பிடிக்கும் அந்த வெள்ளை நாற்காலிதான் வெளியிடச் சாமான்களிலேயே அதிகம் யோசித்துச் செய்யப்பட்டவற்றில் ஒன்று. மோனோபிளாக் என்று பெயர். பிரான்சில் ஆன்ரி மசோனே 1972-ல் கொண்டுவந்த ஃபோத்தெய் 300 என்ற மாடலிலிருந்து அந்த வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. பாலிபுரொப்பிலீனை 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருக்கி அச்சுக்குள் செலுத்தினால் கை, கால், முதுகு எல்லாம் ஒரே துண்டாக வந்துவிடும். ஸ்க்ரூ இல்லை, மூட்டு இல்லை, தண்ணீர் புகுந்து கெடுப்பதற்கு ஓர் இடுக்குகூட இல்லை. ஜெர்மனியில் விட்ரா டிசைன் மியூசியம் 2017-ல் இதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. ஆக, நீங்கள் ஸ்டைலுக்கு எதிராகப் பேசவில்லை, உங்களை அறியாமலே ஒரு ஸ்டைலுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

ஒத்துக்கொள்ளும் பாதி இது: கடையில் பளபளவென்று இருப்பதில் பெரும்பகுதி, கூரைக்குள் இருக்கும் சாமானை அப்படியே நகலெடுத்து "அவுட்டோர்" என்று சீட்டு ஒட்டியதுதான். அது தாங்காது.

ஜூன் 2, இரவு

அந்தப் பிளாஸ்டிக்கும் சாகாவரம் வாங்கி வரவில்லை. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். பழைய நாற்காலியின் கையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைத் தூள் ஒட்டினால் அது நொறுங்கத் தயாராகிறது. பின்கால் மெதுவாக அகலும், உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது, பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

ஜூன் 4

நேற்று முழுக்க இதே யோசனை. எனக்குள்ள அளவுகோல் ஒன்றுதான்: தண்ணீர் எங்கே நிற்கும், எப்படி வெளியே போகும். நிறம், வடிவம், பிராண்ட் எல்லாம் அதற்கு அப்புறம். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. மேலே எல்லா நாற்காலியும் அழகுதான், யோக்கியதை அடியில்தான் தெரியும்.

அடியில் என்ன பார்ப்பது? மர நாற்காலி என்றால் கால் நுனியைப் பாருங்கள். மரம் தண்ணீரைக் குடிப்பது பலகையின் முகத்தால் அல்ல, குறுக்கே அறுத்த வாயால். கால் நுனி அப்படி அறுபட்ட வாய், அதுதான் நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்கிறது. அங்கே ரப்பர் குப்பியோ, பிளாஸ்டிக் குமிழோ வைத்துத் தரையிலிருந்து ஒரு விரலளவு தூக்கியிருந்தால் செய்தவருக்கு மழையைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். குப்பி இருந்தால் அதற்குள்ளேயே தண்ணீர் தேங்காமல் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், மூடிய குப்பி காலுக்குக் கட்டிய குளம். அடுத்து இருக்கைப் பலகைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நகம் போகும் அளவு இடைவெளி வேண்டும். ஒட்டி ஒட்டி அடித்த பலகை ஈரத்தில் உப்பினால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வளையும். கடைசியாக ஸ்க்ரூத் தலை. சாதாரண இரும்பு ஸ்க்ரூ என்றால் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து சுற்றிலும் கருப்பாக மை இறங்கும். அந்தக் கறையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும், ஸ்க்ரூவை மாற்றினால்தான் தீரும்.

வெளியிடத்தில் நான் அழகு என்று சொல்வது இந்த விஷயங்களை ஒளிக்காமல் அதிலிருந்தே வடிவம் எடுத்த சாமானைத்தான். அடிராண்டாக் சாய்வு நாற்காலி ஓர் உதாரணம். 1903-ல் அமெரிக்காவின் வெஸ்ட்போர்ட்டில் தாமஸ் லீ என்பவர் உருவாக்கியது, 1905-ல் ஹாரி பனல் என்பவர் பேரில் காப்புரிமை ஆனது. இப்போது பரவலாகக் கிடைக்கும் வகையில் பட்டைப் பலகைகள், பின்னோக்கிச் சரிந்த இருக்கை, அகலக் கை. பலகைக்கு நடுவே தண்ணீர் இறங்கிவிடும், அகலக் கை சின்ன மேசையாகிவிடும். அந்த இடைவெளிகளை அடைத்துவிட்டால் அதன் அழகும் போய்விடும்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

"தேக்கு நரைத்துப் போனால் உளுத்துப்போகிறது என்று அர்த்தமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. வெயில் மேல்தோலில் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிச்சமிருக்கும் நார்தான் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. மயிரிழை ஆழத்துக்குத்தான் இது. உள்ளே மரம் மரமாகவே இருக்கும். எண்ணெய் பூசினால் பழுப்பு நிறம் திரும்ப வரும், ஆனால் அது ஒரு தொடர்கதை, பூசிக்கொண்டே இருக்க வேண்டும். நிழலும் ஈரமுமான இடத்தில் அந்த எண்ணெயைத் தின்று பூஞ்சை வளரும். வார்னிஷ் பக்கமே போகாதீர்கள், வெயிலில் உரிந்து தோல்நோய் வந்தது போல நிற்கும். என் ஓட்டு நரைக்கு. மனிதருக்கு மட்டும் சாயம் போதும்.

ஜூன் 5

தேக்கு பற்றி மேலே சொன்னதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டும். அது வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குத்தான் பொருந்தும். மரத்தின் ஓரத்திலிருந்து வரும் வெளிறிய பகுதியில் தேக்கைக் காப்பாற்றும் இயற்கை எண்ணெய் அவ்வளவாகக் கிடையாது, அதை வெளியே போட்டால் மற்ற எந்த மரத்தையும் போலத்தான் போகும். ஒரே பெஞ்சில் ஒரு பலகை பொன்னிறமாகவும் பக்கத்துப் பலகை வெண்ணெய் நிறமாகவும் இருந்தால் "இயற்கையான நிற வேறுபாடு" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள்.

ஜூன் 7

உலோகத்துக்கு வருவோம். கடலோரக் காற்றில் எல்லாம் வீண் என்று ஒருவர் புலம்பியிருக்கிறார். அவர் புலம்பலுக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. ஃப்ளாரன்ஸ் நோல், உலகப் புகழ்பெற்ற சாமான் நிறுவனத்தையே நடத்தியவர், ஃப்ளோரிடா கடலோரத்தில் தன் சாமானே உப்புக் காற்றைத் தாங்கவில்லை என்று ரிச்சர்ட் ஷூல்ட்ஸ் என்ற வடிவமைப்பாளரிடம் சொல்ல, அவர் அலுமினியச் சட்டமும் வலைத்துணியும் வைத்து ஒரு வரிசை செய்தார். 1966-ல் வந்தது, அந்த வருடமே அதன் பெயராகவும் ஆனது. இன்றைக்கும் பார்க்கப் புதிதாக இருக்கிறது. துரு தந்த எரிச்சலில் பிறந்த டிசைன்.

அதனால் உப்புக் காற்று என்றால் அலுமினியம், மேலே பவுடர் கோட்டிங், அதாவது தூளாகத் தூவிச் சூட்டில் படியவைத்த பூச்சு. எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வேண்டுமென்றால் 304 என்ற தரம் போதாது, 316 கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், உப்பிலுள்ள குளோரைடு புள்ளி புள்ளியாகத் துளைப்பதை அதுதான் தடுக்கிறது. வெறும் இரும்புச் சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் அடித்தால் முதலில் ஜோராக இருக்கும். ஒரே ஒரு இடத்தில் கல் பட்டுப் பெயர்ந்தால் போதும், பூச்சுக்கு அடியிலேயே துரு ஊர்ந்துபோய் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு அந்த விஷயத்தில் தேவலை, கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். பிரான்சில் ஸாவியே போஷார் 1930-களில் செய்த டோலிக்ஸ் ஏ நாற்காலி இந்த வித்தைதான். அதன் இருக்கையில் உள்ள ஓட்டைகளை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. மழைத்தண்ணீர் இறங்குவதற்கான வழி அது.

அலுமினியத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால் வாங்காதீர்கள். இரண்டு உலோகம், நடுவே உப்பு ஈரம், பேட்டரி மாதிரி வேலை செய்ய ஆரம்பித்து அலுமினியத்தை அரித்துவிடும்.

ஜூன் 8

காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தால் எஸ்.எஸ். தரம் தெரியும் என்கிறார்கள். இரும்பா இல்லையா என்று ஓரளவு தெரியும், அவ்வளவே. 304-ஐயும் 316-ஐயும் காந்தத்தால் பிரிக்க முடியாது. நல்ல 304-கூட வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். ஆனால் பையில் காந்தத்தோடு நாற்காலி வாங்கப் போகும் ஆளைக் கடைக்காரர் ஏமாற்ற யோசிப்பார், அந்த ஒரு பலன் நிச்சயம்.

ஜூன் 11

பின்னல் பிரிந்து தொங்குவது பற்றி. நிஜப் பிரம்பு வெயில் மழைக்கு ஆனதில்லை, கூரையுள்ள வராந்தாதான் அதற்கு எல்லை. வெளியே போடுவதெல்லாம் செயற்கை இழை. அதில் இரண்டு ஜாதி: பாலிஎதிலீன், பிவிசி. முதலாவது வருடக்கணக்கில் தாங்கும், இரண்டாவது விறைத்து வெடித்து உதிரும். இரண்டையும் கடையில் ஒரே பெயரில்தான் விற்பார்கள். நாற்காலியின் அடியில் இழை முடியும் இடத்தில் வெட்டுவாயைப் பாருங்கள். மேலே உள்ள நிறமே உள்ளேயும் இருக்கிறதா, அல்லது மேலே மட்டும் பூசியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இழையை மடக்கினால் வெள்ளையாகக் கோடு விழுந்தால் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடலாம்.

இந்தச் செயற்கை இழைச் சாமானைப் பெரிய அளவில் பிரபலப்படுத்திய டெடோன் நிறுவனத்தை 1990-ல் ஆரம்பித்த பாபி டெக்கைசர், பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்தவர். இதற்கும் நாம் பேசுவதற்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்னொன்றும் உண்டு: 1917-ல் மார்ஷல் லாயிட் என்ற அமெரிக்கர் காகிதத்தை முறுக்கிக் கயிறாக்கி, அதில் சிலவற்றுக்குள் கம்பி வைத்து நெய்து நாற்காலி செய்தார். லாயிட் லூம் என்று இன்றும் இருக்கிறது. காகித நாற்காலி! மழையில் வைக்காதீர்கள், ஆனால் மரியாதை கொடுங்கள்.

ஜூன் 11, இரவு

அகபுல்கோ நாற்காலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? முட்டை வடிவ இரும்புச் சட்டம், சுற்றிலும் நடுவை நோக்கி இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் ஒயர். 1950-களில் மெக்சிகோவில் பரவியது. எனக்குப் பிடித்த விஷயம், ஒயர் அறுந்தால் நாற்காலி சாகாது. புது ஒயர் கட்டிக்கொள்ளலாம்.

என்னிடம் இருந்த பழைய வட்டச் சட்ட நாற்காலி ஒன்றுக்கு நானே ஒயர் கட்டினேன். பழைய ஒயரை வெட்டுவதற்கு முன் முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம், எது எதன் மேல் போகிறது என்பது நினைவில் நிற்காது. சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, காய்ந்ததும் பெயிண்ட். அப்புறம் ஒயர். இங்கேதான் பொறுமை. ஒயரை வெயிலில் வைத்து இளக்கிக்கொண்டு கட்டினால் இழுவை சுலபம், ஆறியதும் தானாகக் கொஞ்சம் இறுகும். குளிர்ந்த ஒயரை என்னதான் இழுத்துக் கட்டினாலும் உச்சி வெயிலில் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டத்தைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுக்க வேண்டும், முடிச்சை இருக்கைக்கு அடியில் விழும்படி போட வேண்டும். இல்லையென்றால் உட்காரும்போதெல்லாம் தொடையில் ஞாபகப்படுத்தும். அடர் பச்சை ஒயரை ஓட்டிக்கொண்டே வந்து நடுவில் மட்டும் ஐந்தாறு சுற்று கடுகு மஞ்சள் போட்டேன். வந்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்றுதான் கேட்கிறார்கள்.

ஜூன் 12

குஷன் நாற்றம். மூன்றே வரி. உள்ளே சாதாரண ஸ்பான்ஜ் இருந்தால் நாறும், கண் பெரிதாக உள்ள வடிகட்டி ஸ்பான்ஜ் என்றால் தண்ணீர் ஊற்றினால் அடிவழியே கொட்டிவிடும். உறை, இழையிலேயே சாயம் கலந்து நூற்ற அக்ரிலிக்காக இருக்கட்டும், மேலே அச்சடித்த துணி சாயம் போகும். மழை பெய்து ஓய்ந்தால் குஷனைப் படுக்கப்போடாமல் ஜிப் கீழே வரும்படி நிறுத்தி வையுங்கள்.

ஜூன் 15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "இவ்வளவு பார்த்து வாங்குவதற்குப் பதில் பழைய மரப் பேலட்டில் நாமே செய்துகொண்டால் என்ன?" தாராளமாக. ஆனால் பேலட்டில், அதாவது சரக்கை அடுக்கி ஏற்றும் அந்த மரத்தட்டில், குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். ஏற்றுமதிப் பேலட்டுகளுக்குப் பூச்சி பரவாமல் இருக்க ஐஎஸ்பிஎம் 15 என்று ஒரு சர்வதேச விதி உண்டு. ஹெச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் நடு உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் வேண்டாம். அது நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை, மெத்தில் புரோமைடு, விஷப்புகை போட்ட மரம். ஹெச்.டி. இருந்தாலும் அதன்மேல் என்னென்ன சரக்கு கொட்டியது என்று யாருக்கும் தெரியாது, எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ உள்ளதை விட்டுவிடுங்கள்.

டயர் மேசை, டயர் தொட்டி செய்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: கீழ் விளிம்பில் ஓட்டை போடுங்கள். டயரின் உட்குழிவில் நிற்கும் தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அரண்மனை.

உடைந்த ஓடு, கண்ணாடி, வளையல் இதெல்லாம் இருந்தால் அதைவிட நல்ல அலங்காரப் பொருள் வெளியிடத்துக்குக் கிடையாது. மெருகேற்றிய ஓட்டுத்துண்டு வெயிலில் வெளிறாது, தண்ணீர் குடிக்காது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் கௌடி என்ற கட்டடக் கலைஞரின் பார்க் குவெல் பூங்காவில் பாம்பு போல வளைந்தோடும் பெஞ்ச் முழுக்க உடைந்த ஓடுகள்தான், அந்த ஒட்டுவேலையில் ஜுஜோல் என்ற கட்டடக் கலைஞரின் கை அதிகம். நூறு வருடத்துக்கும் மேலாக வெயிலில் இருக்கிறது. சண்டிகரில் 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்த நேக் சந்தின் பாறைத் தோட்டத்தில் உடைந்த வளையலும் பீங்கானும் சிலையாகவே நிற்கின்றன. வீட்டில் செய்யும்போது துண்டின் ஓரத்தைச் சாணைக்கல்லில் மழுக்கிவிட்டு ஒட்டுங்கள், இடுக்கில் கிரவுட் என்ற அடைப்புக் கலவை நிறையப் போய் மேல்மட்டத்துக்கு வரட்டும். பள்ளமாக விட்டால் அழுக்கு அங்கே குடியேறும்.

ஜூன் 16

சிமெண்டில் நாற்காலி செய்யலாமா என்று கேட்டவருக்கு: செய்திருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் வில்லி குல் 1954-ல் ஒரே சிமெண்ட் தகட்டை ரிப்பன் போலச் சுருட்டி ஒரு நாற்காலி செய்தார். அந்தக் காலத்துத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, பிற்பாடு அது இல்லாமல் தயாரிக்கிறார்கள். உந்துதல் பெற்று பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கக் கிளம்பிவிடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அப்புறம், சிமெண்ட் நாற்காலியை ஒருமுறை வைத்த இடத்திலிருந்து நகர்த்த நண்பர்கள் தேவை. அந்த நண்பர்கள் மறுமுறை வரமாட்டார்கள்.

ஜூன் 19

ஹம்மாக், அதாவது படுக்கத் தொங்கவிடும் வலைத்தூளி, கட்டுவதற்குக் கொக்கி தாங்குமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பலரும் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் பலம் என்று நினைக்கிறார்கள். தலைகீழ். படுத்த நிலையில் கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிறும் உங்கள் எடை அளவுக்கே இழுபடும். 70 கிலோ ஆள் என்றால் ஒரு பக்கம் 70 கிலோ. அதையே விறைப்பாக 10 டிகிரிக்குக் கட்டினால் ஒரு பக்கம் 200 கிலோ. சுவரிலிருந்து கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான், ஆள் குண்டு என்பதால் அல்ல. தொய்வாகக் கட்டுங்கள், குறுக்காகச் சாய்ந்து படுங்கள், முதுகு நேராகிவிடும்.

குடைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு: காற்றின் வேகம் இரட்டித்தால் குடையைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. உட்கார்ந்திருக்கும்போது அசையாத குடை, ஆள் இல்லாத நேரத்தில் அடிக்கும் காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போவது அப்படித்தான். எழுந்து போகும்போது மடக்கிவிட்டுப் போங்கள்.

ஜூன் 21

மாடியில் பெரிய பெரிய தொட்டி வைத்து மறைப்பு கட்டப்போகிறாராம் ஒருவர். நனைந்த மண் ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோ வரைகூட வரும். 100 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் இரவும் பகலும் நிற்பதற்குச் சமம், அதுவும் வரிசையாக. தளத்தின் நடுவே வேண்டாம், சுவரும் பீமும் உள்ள ஓரங்களில் வையுங்கள், தொட்டி நிறைய இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் கட்டை வைத்துத் தூக்குங்கள், இல்லையென்றால் தளத்தின் வாட்டத்தில் ஓடவேண்டிய தண்ணீரைத் தொட்டியே அணை கட்டி நிறுத்திவிடும்.

ஜூன் 24

சின்னப் பால்கனிக்கு என்ன போடுவது, விளக்கு எப்படி என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சின்ன இடத்தில் சோபா செட் போட்டால் மனிதர் நிற்க இடமிருக்காது. கைப்பிடிச் சுவரை ஒட்டி மடக்குப் பலகை ஒன்று, மடக்கு நாற்காலி இரண்டு போதும். நாற்காலியின் இருக்கை உயரம் 45 செ.மீ. என்றால் கைப்பிடிக்கு மேல் பார்வை போகும். தாழ்வான லவுஞ்ச் நாற்காலி 35, 40 செ.மீ.தான் இருக்கும், அதில் சாய்ந்தால் பெரும்பாலும் சுவரைத்தான் பார்ப்பீர்கள். வாங்குவதற்கு முன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். கருப்பு உலோகக் கை வைத்த நாற்காலி மேற்கு வெயிலில் கையைச் சுடும், அந்த இடத்துக்கு வெளிர் நிறமோ மரக் கையோ.

விளக்குக்கு அட்டையில் ஐபி எண் பாருங்கள், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. ஐபி 44 சாரலுக்குத் தாங்கும், கூரையடியில் போதும். நேரடி மழை என்றால் ஐபி 65. 2700 கெல்வின் வாக்கில் மஞ்சள் வெளிச்சமாக எடுங்கள், நீலம் கலந்த வெள்ளை விளக்குக்குப் பூச்சி அதிகம் வரும். தலைக்கு மேலே ஒரே ஒரு பளிச் விளக்கைப் போட்டால் விசாரணை அறை மாதிரி இருக்கும். முழங்கால் உயரத்தில் இரண்டு மூன்று மங்கலான விளக்கு, வெளிச்சம் கண்ணில் படாமல் சுவரில் படும்படி. சோலார் விளக்கு செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள், நிறைய மாடல்களில் உள்ளே இருப்பது சாதாரண ஏஏ அளவு ரீசார்ஜ் பேட்டரிதான். அதே வகைப் பேட்டரி வாங்கி மாற்றுங்கள், மேலே உள்ள பேனலையும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிடுங்கள்.